ஐந்தாம் கால் அழித்த படலம்

வாழ்க அவன்! வெண்தாள் வெளியிலே கருங்கோட்டுப் படை நடத்தி, நடத்திய படையை நடுவழியில் தானே திருப்பி அழைத்து, அழைத்த சுவடும் தெரியாமல் துடைத்தெறிந்த தனிப்பெரு வீரன் வாழ்க! இருபத்தேழு வயதுக்குள் பல்லாயிரம் கோடுகளைப் பெற்றெடுத்து, பெற்ற கையாலேயே அத்தனையையும் தீர்த்துக்கட்டிய கல்நெஞ்சன் வாழ்க! சட்டையின் இடப்பக்கப் பையில், இதயத்துக்கு இரண்டு விரற்கடை தள்ளி, நாற்கோண வெண்ணிறப் பேராயுதத்தை ஓயாது சுமந்து திரிந்த உத்தமன் வாழ்க! பெற்றோர் வைத்த பெயர் ஒன்று அவனுக்கு இருந்தது. அதை அரசாங்கக் காகிதங்கள் மட்டும் நினைவில் வைத்திருந்தன. வீட்டிலும் தெருவிலும் வேலைசெய்த கடையிலும் அவனுக்கு ஒரே பெயர்தான். ரப்பர்.

அவன் ஏந்திய ஆயுதத்தை இலக்கணம் கற்றோர் அழிப்பான் என்பார்கள். என்ன பெயர் ஐயா அது! படைப்பவர் படைத்து, காப்பவர் காத்து, எல்லாம் ஆன பிறகு மூன்றாவதாக வருகிறவருக்கு வைத்த பெயர்போல, ஐந்தே எழுத்துக்குள் ஓர் ஊழிக்காலம். போர்முனையில் நின்று 'அழிப்பான் வருகிறான்' என்று முரசறைந்தால் மதயானையும் பாகனை இறக்கிவிட்டுப் பின்வாங்கும். கடையில் போய் 'அழிப்பான் ஒன்று கொடுங்கள்' என்றால் மட்டும், 'எது, ரப்பரா?' என்று கேட்டு எடுத்துப் போடுவார்கள். காவியங்களின் கதி இவ்வளவுதான். ஆகவே இந்த ஏழைப் புலவன் இரண்டு பெயரையும் மாற்றி மாற்றிப் பயன்படுத்துவான், படிப்போர் பொறுத்துக்கொள்க.

பட்டப்பெயரைச் சூட்டியவள் அவனுடைய அக்கா. தையற்கடை நடத்துபவள், ஊசிகளைப் பெட்டியிலும் அவற்றின் கூர்மையை நாக்கிலும் வைத்திருப்பவள். தம்பி ஒரு கோடு போட்டு மூன்று முறை அழிப்பதையும், நான்காம் முறை தாளில் ஓட்டை விழுவதையும், ஓட்டை வழியே தம்பியின் கண் தெரிவதையும் பல்லாண்டு பார்த்துச் சலித்து, ஒருநாள் தையல் இயந்திரத்தை நிறுத்திவிட்டு இவ்வாறு முழங்கினாள்:

“டேய், நீ படம் வரையுறியா, இல்ல தாளுக்கு அழுக்குத் தேய்ச்சுக் குளிப்பாட்டுறியா? உனக்கு ரப்பர்னே பேர் வெச்சிருக்கலாம்.”

வைத்தாயிற்று.

நகலெடுக்கும் கடையில் அவனுக்கு வேலை. பிறர் கொண்டுவரும் தாளைக் கண்ணாடிமேல் கவிழ்த்து, மூடி, பச்சைப் பொத்தானை அமுக்கினால், ஐயமும் இன்றி அச்சமும் இன்றி அச்சு அசலாக இன்னொரு தாள் வெளியே வந்து விழும். ஒரு நாளைக்கு ஆயிரம் தாள். ஒன்றைக்கூட அந்த இயந்திரம் திருத்த நினைத்ததில்லை. அதை அவன் பொறாமையோடு பார்ப்பான்.

இத்தகையவன் முன்னே ஒரு பெரும்போர் வந்து நின்றது. சிறுவர் மாத இதழ் ஒன்றின் ஆசிரியருடைய மனைவி, அக்காவிடம் துணி தைக்கக் கொடுப்பவர். அளவெடுக்கும் நேரத்தில் அசையாமல் நிற்பவர்களிடம் எதையும் பேசி முடித்துவிடலாம் என்பது தையற்காரர்களின் ராஜதந்திரம். கழுத்தளவு எடுத்து முடிப்பதற்குள் அக்கா தம்பிக்கு ஒரு வாய்ப்பை வாங்கிவிட்டாள். கதையின் பெயர் 'கிழட்டுத் திருடன்'. பெரிய மாளிகையின் சாமான் அறைக்குள் ஒரு கிழவன் திருடப் புகுகிறான். கதவைத் திறக்கும் சிறுமியிடம் கையும் களவுமாக மாட்டிக்கொள்கிறான். அந்த நொடிக்கு முழுப்பக்கப் படம் ஒன்று. திங்கட்கிழமை காலை பத்து மணிக்குள் வந்து, ஆசிரியருக்குப் பிடித்துவிட்டால், மாதாமாதம் அந்தப் பக்கம் அவனுடையது. வராவிட்டால் ஆசிரியரின் மச்சினனுக்கு. மச்சினனோ, கணினியில் இரண்டு வட்டம் போட்டு அதைப் பூனை என்று அடித்துச் சொல்லும் துணிச்சல்காரன்.

இருபத்துமூன்று முறை படையெடுத்தான் ரப்பர். சிறுமி வந்தாள், கதவு வந்தது, அடுக்கிய பெட்டிகளும் ஒட்டடையும் ஒழுங்காக வந்தன. திருடனின் முகம் மட்டும் வசப்படவில்லை. போட்டால் பள்ளிக்கூட வாத்தியார்போல் இருந்தான், அழித்தான். மீண்டும் போட்டால் பல்வலிக்காரன்போல் இருந்தான், அழித்தான். இருபத்துமூன்றாம் தாளில் மூக்கைத் திருத்தப் போய், தேய்த்துத் தேய்த்து, மூக்கிருந்த இடத்தில் ஓர் ஓட்டை. அதோடு சனிக்கிழமையும் முடிந்தது.

இனி ஒரே கதி, ஒற்றைக்கோட்டார்.

யார் அவர் என்றா கேட்கிறீர்கள்? ஐம்பதாண்டு வார இதழ்களின் பக்கங்களில் குதிரைகளை ஓடவிட்டு, அரசிகளை அழவிட்டு, கப்பல்களைக் கவிழ்த்த கோட்டுச் சக்கரவர்த்தி! தூரிகையைத் தாளில் வைத்தால், படம் முடியும்வரை எடுக்காதவர். ஒரே கோடு, ஓடி வளைந்து கிளம்பிய இடத்துக்கே வந்து நிற்கும். பென்சிலால் முன்கூட்டி வரைவதில்லை என்பது அவர் புகழின் முதல் தூண். வாழ்நாளில் ரப்பரைத் தொட்டதில்லை என்பது இரண்டாம் தூண். மேடையில் வரைவதற்கு முன் கால்மணி நேரம் கதவைச் சாத்திக்கொண்டு தியானம் செய்வார் என்பது மூன்றாம் தூண். இம்மூன்றையும் தாங்கிய பத்திரிகைத் துணுக்கைக் கத்தரித்து, நம் வீரன் கட்டிலுக்கு மேலே ஒட்டியிருந்தான். கோணலாக ஒட்டிவிட்டதால் நான்கு முறை பிய்த்து ஒட்டியிருந்தான் என்பது வேறு விஷயம்.

அந்த மகான், ஞாயிறு பிற்பகல் மூன்று மணிக்கு நூலகத்தின் மாடிக்கூடத்தில், நாற்பது பேர் முன்னிலையில் ஒரே கோட்டில் குதிரை வரைந்து காட்டப் போகிறார். ஓட்டை விழுந்த படத்தை அட்டைக் கோப்புக்குள் வைத்து, அவர் காலடியில் நின்று ஒரே ஒரு கேள்வி கேட்பது என்று ரப்பர் முடிவு செய்தான்: அழிக்காமல் வரைவது எப்படி? பதில் கிடைத்தால் திங்கட்கிழமை அவனுடையது. கிடைக்காவிட்டால் இரண்டு வட்டப் பூனைக்கு.

போருக்குப் புறப்பட்டவனை வாசலில் மறித்து, அக்கா வாழ்த்துரை வழங்கினாள்:

“அவர் சொல்றதுக்கு எல்லாம் சும்மா தலைய ஆட்டிட்டு வராத. எழுதிட்டு வா. பென்சில்ல எழுதாத, அதையும் அழிச்சுருவ.”

ஒரு மணி நேரம் முன்னதாகவே போய்ச் சேர்ந்தான். ஆளில்லாத கூடத்தின் கடைசி வரிசையில் அமர்ந்து, படபடப்புக்கு மருந்தாகத் தண்ணீர் குடித்தான். தண்ணீருக்கு மருந்து தேடி எழுந்தான். கூடத்தின் பின்னே ஒரு நடைவழி. நடைவழியின் கோடியில் இரண்டு கதவுகள். ஒன்றில் 'கழிப்பறை' என்றும், மற்றொன்றில் 'கழித்த நூல்கள்' என்றும் ஒரு காலத்தில் எழுதியிருந்தார்கள். காலம் என்னும் மாபெரும் அழிப்பான் இரண்டிலும் பின்பாதியைத் தின்றுவிட்டது. ரப்பரின் முன் நின்றவை இரண்டு 'கழி'கள். பேரரசுகள் சாய்ந்ததெல்லாம் இப்படிப்பட்ட அரைச்சொற்களால்தான். அவன் இடப்பக்கக் கழியைத் தள்ளினான்.

அட்டை கிழிந்த நூல்கள் மலைமலையாய்க் கிடந்தன. மூன்றுகால் நாற்காலிகள் ஒன்றன்மேல் ஒன்றாய்ச் சாய்ந்து கிடந்தன. நடுவே, மேடைக்குப் போகவேண்டிய பெரும்பலகை. அதன் தலையில் இரண்டு கிளிப்புகள் கவ்விப் பிடித்த பால்வெள்ளைச் சார்ட். அதன் முன்னே, முழங்காலை மடக்கிக் குந்தி, நாக்கின் நுனியைக் கடைவாயில் செருகி, கையில் ஒரு பென்சிலோடு ஒரு பெரியவர். கதவு திறந்த சத்தத்தில் அவர் கழுத்து மட்டும் திரும்பியது. கண்கள் இரண்டும் அகல விரிந்து, புருவம் இரண்டும் நெற்றிக்கு ஏறி, வாய் பாதி திறந்து நின்றது.

அவர்தான்.

அண்டம் ஒரு கணம் ஆடிற்று. முதல் தூண் முறிந்த ஓசையை ரப்பர் மட்டும் கேட்டான். ஏனெனில் அந்தப் பால்வெள்ளைத் தாளிலே, பத்தடி தள்ளி நின்றால் பார்வைக்கு எட்டாத மெல்லிய சாம்பல் கோட்டில், முன்னங்கால் தூக்கிய குதிரை ஒன்று ஏற்கெனவே பாய்ந்துகொண்டிருந்தது. மேடையில் அவர் செய்யப்போவது அதன் மேலேயே தூரிகையை ஓட்டுவதுதான். தியானம் எனப்பட்டது யாது என இப்போது விளங்கிற்று.

ஆனால் அதைவிடப் பெரிய பயங்கரம் ஒன்று அத்தாளில் இருந்தது. குதிரைக்கு ஐந்து கால்.

முதல் நான்கையும் அவர் முறையாகவே முடித்திருந்தார். அந்நேரம் பார்த்து, விழாவை நடத்தும் நூலகர் அம்மையார் கதவைத் தட்டி, “சார், டீக்குச் சக்கரை போடலாமா?” என்று வினவ, “அரை ஸ்பூன்மா” என்று வாய் விடையளித்த நேரத்தில், ஐம்பதாண்டு பழகிய கை தன் போக்கில் இன்னொரு காலை இறக்கிவிட்டது. அதுவும் தொட்டும் தொடாமலும் அல்ல. திடுக்கிட்ட கை அழுத்திய அழுத்தில், தாளில் பள்ளம் விழும்படி.

பெரியவர் வந்தவனை மேலும் கீழும் பார்த்தார். கதவைப் பார்த்தார். பிறகு, போர்க்களத்தில் விழுந்த மன்னன் கடைசித் துளி நீர் கேட்பதுபோல், கம்மிய குரலில் கேட்டார்:

“தம்பி... ரப்பர்?”

ரப்பருக்கு மயிர்க்கூச்செறிந்தது.

“ஆமா சார். உங்களுக்கு எப்படித் தெரியும்?”

“என்ன தெரியும்?”

“என் பேரு.”

“உன் பேரு எனக்கு எதுக்குப்பா? ரப்பர் இருக்கா?”

“இருக்கேன் சார்.”

“ஐயோ, நீ இருக்கிறது தெரியுதுப்பா! ரப்பர்! அழிக்கிற ரப்பர்!”

இடக்கை இதயத்துக்குப் போயிற்று. பையிலிருந்து உறையோடு வெளிப்பட்டது வெண்ணிறப் பேராயுதம். அதைக் கண்ட பெரியவரின் முகத்தில் உதித்த ஒளியை இதற்குமுன் எந்த ஓவியத்துக்கும் எந்த ரசிகனும் காட்டியதில்லை. கண்கலங்காத குறையாக அவர் தன் நெடுந்துயரைக் கொட்டினார்:

“நாப்பது வருஷமா என்னால ஒரு கடைக்குப் போயி ரப்பர் வாங்க முடியலப்பா. போனா, 'என்ன சார், நீங்களா, ரப்பரா?'ன்னு கேப்பாங்க. எல்லாம் என் சம்சாரம்தான் வாங்கித் தருவா. இப்ப மக வீட்டுக்குப் போயிருக்கா. இருந்த கடைசித் துண்டும் போன வாரம் தேஞ்சு போச்சு.”

இரண்டாம் தூணும் சாய்ந்தது. ஆனால் விந்தை பாருங்கள்! இரண்டு தூணும் போன பிறகும் ரப்பரின் நெஞ்சில் கூரை விழவில்லை. மாறாக, எங்கிருந்தோ காற்று வந்தது.

“வேற சார்ட் இல்லையா சார்?”

“கேட்டா, இதுக்கு என்ன ஆச்சுன்னு கேப்பாங்களே.”

“வாலுன்னு சொல்லிறலாமா?”

“வால் பின்னாடி இருக்குப்பா.”

வேறு வழியில்லை. பெரியவர் ஆயுதத்தை வாங்கித் தாமே களமிறங்கினார். ஐயகோ! அம்பு விடத் தெரிந்தவருக்கு அதைப் பிடுங்கத் தெரியவில்லை. முன்னும் பின்னும் தரதரவென்று தேய்த்தார். சாம்பல் கோடு சாம்பல் மேகமாகப் பரவியது. தூளை உள்ளங்கையால் துடைத்தார், மேகம் மழையாயிற்று. இன்னும் நான்கு இழுப்பு இழுத்திருந்தால், குதிரை புயலில் சிக்கிய காட்சி என்று தலைப்பு வைக்க நேர்ந்திருக்கும்.

அப்போது எழுந்தான் ஐயா நம் வீரன்! கோட்டுச் சக்கரவர்த்தியின் கையைப் பிடித்தான்! பிடித்த பிறகே, யார் கையைப் பிடித்தோம் என்று நினைத்து நடுங்கினான், ஆனாலும் விடவில்லை.

“சார், தப்பா எடுத்துக்காதீங்க. குடுங்க இப்படி.”

வரைவதில் அவன் வாழ்நாள் முழுதும் தோற்றவன். அழிப்பதிலோ பதினைந்தாண்டு தவம். முழங்கால் மண்டியிட்டான். மூச்சை அடக்கினான். முதலில் தேய்க்கவில்லை, பூவை ஒற்றுவதுபோல் ரப்பரின் முனையால் ஒற்றி ஒற்றி எடுத்தான், பரவிய மேகம் பொட்டுப்பொட்டாய்க் கலைந்தது. அடுத்து, பக்கத்துக் காலுக்குக் கேடு வராதபடி, கிழிந்த நூலட்டை ஒன்றை மறைப்பாகப் பிடித்து, ஒரே திசையில், மேலிருந்து கீழாக, குழந்தையின் முதுகைத் தடவுவதுபோல் தேய்த்தான். குளம்பு போயிற்று! கணுக்கால் போயிற்று! முழங்கால் நின்று எதிர்த்தது. அதையும் வளைத்துப் பிடித்து வீழ்த்தினான்! மலையை மத்தாக்கிக் கடலைக் கடைந்தபோது தெறித்த நுரைபோல் ரப்பர் தூள் உருண்டு உருண்டு இருவர் முழங்காலிலும் விழுந்தது. கையால் துடைக்கவில்லை அவன். கைக்குட்டையின் நுனியால் விசிறினான். கடைசியாகக் கண்ணுக்குத் தெரியாத எதிரி ஒருவன் எஞ்சினான்: பென்சில் அழுந்திய பள்ளம். கோடு போனாலும் பள்ளம் போகாது. தூரிகை அதில் இறங்கினால் மை வழிமாறி ஓடும். தாளின் கீழ்முனையைத் தூக்கி, உள்ளே கைவிட்டு, வீட்டுச் சாவியின் வழவழப்பான முதுகால் பின்புறமிருந்து நீவினான். பள்ளம் மெல்ல மெல்ல மேடேறிச் சமனாயிற்று.

குதிரை நான்கு காலில் நின்றது.

இதன் நடுவே இரண்டு முறை கதவு தட்டப்பட்டது. முதல் முறை, “சார், எல்லாரும் வந்துட்டாங்க!” இரண்டாம் முறை, “சார், மணி மூணு!” இரண்டுக்கும் பெரியவர் உள்ளிருந்து ஒரே பதில்தான் சொன்னார்:

“தியானத்துல இருக்கேம்மா!”

பிறகு தாளை மேலிருந்து பார்த்தார், பக்கவாட்டில் பார்த்தார், மூக்கு தாளில் ஒட்ட வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தார். ரப்பரின் தோளில் கை வைத்தார். எந்தச் சொல்லுக்காக அவன் பதினைந்தாண்டு கட்டிலுக்கு மேலே துணுக்கு ஒட்டிப் படுத்தானோ, அந்தச் சொல் பிறந்தது.

“பிரமாதம்!”

வாழ்வில் அவன் பெற்ற முதல் பாராட்டு. காலை இல்லாமல் ஆக்கியதற்கு.

“இதெல்லாம் எங்கப்பா கத்துக்கிட்ட?”

“எங்கயும் இல்ல சார். தினமும் தப்பு வரும்.”

பெரியவர் சிரித்துக்கொண்டே கோப்பைக் காட்டச் சொன்னார். அவன் நாடாவை அவிழ்த்து, இருபத்துமூன்றாம் தாளை நீட்டினான். அவர் பார்த்தார். கதவைப் பார்த்தார், பெட்டிகளைப் பார்த்தார், சிறுமியை ரசித்துத் தலையாட்டினார். திருடனிடம் வந்தார். ஓட்டைக்குள் சுட்டுவிரலை விட்டு மறுபக்கம் எட்டிப் பார்த்தார்.

“உடம்பு நல்லா வந்திருக்கு. மூக்கு எங்க?”

“நேத்து வரைக்கும் இருந்துச்சு சார். அதான் உங்ககிட்ட ஒண்ணே ஒண்ணு கேக்கணும்னு வந்தேன். நாளைக்குப் பத்து மணிக்குக் குடுக்கணும். அழிக்காம வரையுறது எப்படி சார்?”

ஒற்றைக்கோட்டார் ஒரு நொடி கண்ணை மூடினார். நெற்றியில் சிந்தனை ரேகை படர்ந்தது. வாய் திறந்தது. அரை நூற்றாண்டு அனுபவம் சொல்லாகித் திரண்டு உதட்டின் விளிம்புக்கு வந்தது.

“அது ஒண்ணும் இல்லப்பா...”

கதவு திறந்தது. நூலகர் அம்மையார் ஒரு கையில் ஆறிய டீயோடு நின்றார். முழங்காலெல்லாம் வெண்தூளோடு மண்டியிட்டிருந்த அந்நியனைக் கண்டு அவர் புருவம் நெளிந்தது.

“இவர் யாரு சார்?”

“கூடத் தியானம் பண்ணவரும்மா” என்றார் பெரியவர், கண் இமைக்காமல்.

அடுத்த நொடியே பலகையும் பெரியவரும் கடத்தப்பட்டார்கள். சொல்லவந்த சொல் உதட்டோடு போயிற்று. ரப்பர் தனியே நின்று, வந்த வேலை நினைவுக்கு வர, வலப்பக்கக் 'கழி'க்கு ஓடினான்.

அவன் திரும்பி வந்து கடைசி வரிசையில் உட்கார்ந்தபோது மேடையில் தூரிகை மையில் நனைந்துகொண்டிருந்தது. நாற்பது பேரும் மூச்சுவிட மறந்தார்கள். தூரிகை குதிரையின் மூக்கில் இறங்கிற்று. நெற்றியேறி, காதைச் சுற்றி, பிடரியில் அலையடித்து, முதுகில் சறுக்கி, வாலைச் சுழற்றி, பின்னங்கால் இரண்டையும் இறங்கி ஏறி, வயிற்றின் கீழே வந்தது. ஐந்தாம் கால் புதைந்த இடம்! மயானத்தைக் கடக்கும் பயணிபோல் தூரிகை அங்கே ஒரு கணம் தயங்கியது. முப்பத்தொன்பது பேர் அதைக் கலைஞரின் ஆழ்ந்த யோசனை என்று எண்ணினார்கள். நாற்பதாவது ஆள் கோப்பை மார்போடு அணைத்து, நாற்காலியின் நுனியில் தொங்கினான். பள்ளமே, பழி வாங்காதே! மையே, மானத்தைக் காப்பாற்று! தூரிகை நகர்ந்தது. வழுக்கவில்லை. முன்னங்கால்களைத் தூக்கி நிறுத்தி, கழுத்தேறி, கிளம்பிய மூக்கிலேயே வந்து முட்டி நின்றது. கூடம் கைதட்டலில் அதிர்ந்தது. அந்தக் கைதட்டலில் காலே அரைக்கால் பங்கு தனக்கு என்று ரப்பர் மனத்துக்குள் பிரித்து எடுத்துக்கொண்டான்.

கேள்வி நேரத்தில் முன்வரிசைக் கண்ணாடிக்காரர் எழுந்தார்.

“சார், நீங்க வாழ்க்கைல ரப்பரே தொட்டதில்லைன்னு சொல்றாங்களே, உண்மையா?”

பெரியவரின் பார்வை நாற்பது தலைகளைத் தாண்டிக் கடைசி வரிசையைத் தொட்டது.

“நான் போய் வாங்கினதில்ல” என்றார். அவையோர் இந்தத் தன்னடக்கத்துக்கும் கைதட்டினார்கள்.

முடிவில், அவருடைய படத்தொகுப்பில் கையெழுத்து வாங்க வரிசை நின்றது. ரப்பரும் தன் பிரதியோடு நின்றான். அவன் முறை வந்தபோது அவனுடைய கண் அவர் முகத்தில் இல்லை. அவருடைய சட்டைப் பையில், நாற்கோணமாகப் புடைத்துக்கொண்டு, உறையின் நீலவிளிம்பு எட்டிப் பார்த்தது. களத்தில் எப்போது கைமாறியது அது? அவையில் மானம் காத்தவன், அதே அவையில் 'சார், என் ரப்பர்' என்று எப்படிக் கேட்பான்? கேட்டால் மூன்று தூண்களும் நாற்பது பேர் முன்னிலையில் விழும். அவன் தன் பையைத் தொட்டுக் காட்டினான். அவரும் தன் நெஞ்சைத் தொட்டு, நெகிழ்ந்து தலையசைத்தார். புருவத்தால் சுட்டினான். அவர் கண்ணடித்தார். பின்னால் நின்றவர் இருமினார். கேட்க நினைத்த கேள்வியும் கேட்க முடியாத பொருளும் அப்படியே நிற்க, நம் வீரன் நகர்ந்தான்.

திரும்பும் பேருந்தில் சன்னலோர இருக்கை கிடைத்தது. மடியில் கோப்பு, மனத்தில் புகை. திருடனின் முகம் எப்படியிருக்கும் என்று இருபத்துநான்காம் முறையாக யோசித்தான். யோசிக்க என்ன இருக்கிறது? சாமான் அறை. குந்தியிருக்கும் கிழவன். கதவுச் சத்தத்துக்குத் திரும்பிய கழுத்து. விரிந்த கண், ஏறிய புருவம், பாதி திறந்த வாய். இந்தத் திருடனைக் கதவு திறந்து பார்த்த சாட்சி இவ்வுலகில் ஒருவன்தான்!

புதுத்தாள் எடுத்தான். சிறுமியும் கதவும் இருபத்துமூன்று முறை பழகியவை. கை தானே போட்டது. பிறகு கழுத்து வந்தது. கண் வந்தது. புருவம் நெற்றிக்கு ஏறியது. மூக்குக்கு வந்தபோது ஓட்டுநர் பிரேக்கை மிதித்தார், பென்சில் சறுக்கியது, மூக்கு இடப்பக்கம் கோணிக்கொண்டது. இடக்கை மின்னலெனச் சட்டைப் பைக்குப் பாய்ந்தது.

பை காலி.

இரண்டாம் முறை துழாவினான். கால்சட்டைப் பையைத் துழாவினான். இருக்கைக்குக் கீழே குனிந்தான். நிராயுதபாணியாய், பகைவர் நடுவே, கோணல் மூக்கின் எதிரே, தன்னந்தனியனாய் அமர்ந்திருந்தான். நான்கு நிறுத்தம் அந்த மூக்கையே வெறித்தான். ஐந்தாம் நிறுத்தத்தில், வேறு செய்வதற்கு எதுவும் இல்லாததால், வாயைப் போட்டான். ஏழாம் நிறுத்தத்தில் படம் முடிந்திருந்தது. வாழ்நாளில் முதல்முறையாக, ஓட்டையில்லாமல்.

நேரம் போகாமல் படத்தொகுப்பைப் பிரித்தான். முதல் பக்கத்தில், ஒற்றைக்கோட்டாரின் ஒரே கோட்டுக் கையெழுத்துக்கு மேலே இவ்வாறு எழுதியிருந்தது: 'ரப்பருக்கு, அன்புடன்.' அதன் கீழே வீட்டு முகவரி. அதற்கும் கீழே, பிறர் கண்ணில் படாத பொடி எழுத்தில் ஒரு வரி: 'சம்சாரம் வர இன்னும் இருபது நாள்.'

தையற்கடையில் அக்கா படத்தை வாங்கி விளக்கடியில் பிடித்தாள்.

“யாருடா இந்தாளு? இப்படித் திருட்டு முழி முழிக்கிறான்!”

“திருடன்க்கா.”

“அது தெரியுது. உசுரோட இருக்கானேன்னு கேட்டேன். மூக்கு மட்டும் கோணல்.”

“அதான்க்கா. உன்கிட்ட ரப்பர் இருக்கா?”

அடுத்து நிகழ்ந்ததை ஆயிரம் நாவுடையோரும் முழுமையாகப் பாட இயலாது. அக்கா படத்தைப் பின்னுக்கு இழுத்தாள். தம்பி பாய்ந்தான். தையல் மேசையைச் சுற்றி இருவரும் இரண்டு வலம் வந்தார்கள். ஒரு கையால் தம்பியின் நெற்றியைத் தள்ளிப் பிடித்தபடியே, மறு கையால் படத்தைப் பெரிய கவருக்குள் நுழைத்து, கவரின் வாயைத் தையல் இயந்திரத்தின் ஊசிக்கடியில் கொடுத்து, காலால் மிதித்தாள் அந்த வீராங்கனை! கடகடவென்று பச்சை நூலில், முன்னும் பின்னுமாக இரட்டைத் தையல்! நூலைப் பல்லால் கடித்துத் துண்டித்து, மூவுலகும் கேட்க அறிவித்தாள்:

“இனிமே இதைப் பிரிக்கணும்னா கத்திரிக்கோல் வேணும். கத்திரிக்கோல் என் இடுப்புல இருக்கு. போயி சாப்பிடு, போ.”

திங்கட்கிழமை பத்து மணிக்குப் பத்து நிமிடம் இருக்கையில் அவளே நேரில் போய்க் கொடுத்தாள். ஆசிரியர் தையலைப் பிரிக்கப் பட்ட பாடு தனிக் காவியத்துக்கு உரியது. பிரித்தவர் பார்த்தார், கண்ணைப் பார்த்துச் சிரித்தார், மூக்கைப் பார்த்து இன்னும் உரக்கச் சிரித்தார். 'இந்த மூக்குக்காகவே போடலாம்' என்று சொல்லி, அடுத்த மாதக் கதையை அவள் கையிலேயே கொடுத்தனுப்பினார். இரண்டு வட்டப் பூனை தன் குகைக்குத் திரும்பிற்று. நகலெடுக்கும் கடையில் செய்தி கேட்ட ரப்பர், பச்சைப் பொத்தானில் வைத்த விரலை எடுக்க மறந்து, யாரோ ஒருவருடைய சாதிச் சான்றிதழை அறுபது பிரதி எடுத்துத் தள்ளினான். திசையெட்டும் வெற்றிமுரசு அதிர்ந்தது! வெண்தாள்கள் தாமே எழுந்து கொடிகளாய்ப் பறந்தன! அழிப்பான் இன்றி வென்ற பெருவீரன், ஆயுதம் துறந்த அண்ணல், கோணல் மூக்கின் காவலன், இனி என்ன செய்யப் போகிறான் என்று வானும் மண்ணும் மூச்சடக்கிக் காத்து நின்றன.

அன்று மத்தியானம் அவன் கடைக்குப் போய் ரெண்டு ரப்பர் வாங்கினான்.